கப்பல் ஒழுகிய இருபது நாட்கள்

ஓரெஸ்ட் மெல்னிக் ஒழுக்கமான மனிதர். அறுபத்து மூன்று வயதுவரை அவர் வீட்டில் எதுவும் ஒழுகியதில்லை. கூரை ஒழுகியதில்லை. குழாய் ஒழுகியதில்லை. அவர் வாயிலிருந்து ஒரு ரகசியம்கூட ஒழுகியதில்லை. அப்பேர்ப்பட்டவர் வீட்டு வாசலில், ஜூன் எட்டாம் தேதி காலையில், சிமெண்டுத் தரையில் சிவப்பாக ஒரு பொட்டு.

காரின் வயிற்றுக்கு நேர் கீழே. உள்ளங்கை அகலம். இளவெயில் பட்டு மாணிக்கம் மாதிரி மின்னிக்கொண்டிருந்தது.

ஓரெஸ்ட் குனிந்து தொட்டார். முகர்ந்தார். லேசான இனிப்பு வாசனை. என்ஜின் ஆயில் என்றால் கறுப்பாக இருக்கும். ரேடியேட்டர் தண்ணீர் என்றால் பச்சை. இது சிவப்பு. சந்தேகமே இல்லை, கியர் ஆயில்.

அவருக்குப் பகீர் என்றது. ஆனால் அடுத்த கணமே நெஞ்சுக்குள் ஏதோ ஒரு மூலையில், யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டாற்போல ஜிலுஜிலுவென்று இருந்தது. அந்த ஜிலுஜிலுப்பு எதற்கு என்று அவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

பத்தாம் தேதி அவரும் மனைவி டார்க்காவும் கடல் பார்க்கப் புறப்படுவதாக ஏற்பாடு.

கடல் என்பது மெல்னிக் வீட்டில் முப்பத்தைந்து வருடப் பேச்சு. மனிடோபா மாகாணத்தில் இருக்கும் அந்தச் சின்ன ஊரிலிருந்து மேற்கே இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் ஓட்டினால் பசிபிக். கல்யாணமான புதிதில் ஓரெஸ்ட் வாக்குக் கொடுத்தார்: "அடுத்த கோடையில." அந்தக் கோடையில் அறுவடை வந்தது. அடுத்ததில் பிள்ளை வந்தது. அப்புறம் பிள்ளையின் பல்லுக்குக் கம்பி வந்தது. கடல் மட்டும் வரவில்லை.

ஊரின் தானியக் கிடங்கில் ஓரெஸ்டுக்கு எடை போடும் வேலை. லாரி வராத மத்தியானங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து கோதுமை வயலைப் பார்த்துக்கொண்டிருப்பார். காற்றடித்தால் கோதுமை அலையடிக்கும். கொஞ்சம் கண்ணைச் செருகினால் உப்பு வாசனைகூட வரும். முப்பத்தாறு வருடம் அப்படிப் பார்த்துப் பார்த்து மனசுக்குள் சொந்தமாக ஒரு கடல் வளர்த்திருந்தார். அதில் திமிங்கிலங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும். அலைகள் அவர் கேட்ட நேரத்துக்கு வந்து, போ என்றால் போகும்.

டார்க்காவிடம் அப்படி எதுவும் கிடையாது. அவரிடம் சூட்கேஸ் இருந்தது.

ஏப்ரலில் ஓரெஸ்ட் ஓய்வு பெற்றார். சொல்ல வேறு சாக்கு இல்லை. அப்படித்தான் பத்தாம் தேதி முடிவானது. அந்தச் சமயத்தில்தான் கார் ஒழுகியது. நீளமான பழைய வேகன், முப்பத்தொரு வயது, பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஓரெஸ்ட் அதற்கு வைத்த பெயர் கப்பல்.

"டார்க்கா, கப்பல்ல ஒழுக்கு," என்றார், காலைச் சாப்பாட்டு மேஜையில்.

"பெருசா?"

"அளவு முக்கியமில்ல. எங்கேர்ந்து ஒழுகுதுங்கறதுதான் முக்கியம். கியர்பாக்ஸ் விஷயம். ஆயில் தீந்துபோனா மலைப்பாதையில நடுவழியில நின்னுடும். கரடி வந்து கண்ணாடியத் தட்டும்."

"கரடிக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ பட்டறைக்குப் போன் பண்ணு."

"பட்டறையா! அவன் மொத்தத்தையும் கழட்டிப் பரப்பி வெச்சுட்டு, 'ஐயா, வண்டிக்கு வயசாயிடுச்சு'ன்னு துக்கம் விசாரிப்பான். வேண்டாம். நானே கண்டுபிடிக்கறேன்."

"எத்தனை நாள்ல?"

"ஒழுக்கு கண்டுபிடிக்கறது ஒரு தவம், டார்க்கா."

"தவம்னா தாடி வளரும். எத்தனை நாள்?"

"மூணு."

டார்க்கா எழுந்துபோய் நாட்காட்டியில் பத்தை அடித்துவிட்டுப் பதின்மூன்றைச் சுற்றி வட்டம் போட்டார். பேனாவை மூடினார். அந்த மூடியின் 'டக்' சத்தம் ஓரெஸ்டுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

முதல் இரண்டு நாள் அவர் யோக்கியமாகத்தான் வேலை பார்த்தார். அதைச் சொல்லாவிட்டால் பாவம். இரண்டு இரும்புச் சாய்வுகளை வைத்து முன் சக்கரங்களை அதில் ஏற்றி நிறுத்தினார். அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்தார். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, ஆள் படுக்கலாம். எங்கே சொட்டுகிறது என்று பார்த்தார். நடுவில் ஒரு சொட்டு, பின்னால் இரண்டு சொட்டு, பக்கத்தில் ஒரு தீற்றல். வண்டியின் அடிவயிறு முழுக்க எண்ணெயும் மண்ணும் கலந்து அப்பிக் கிடந்தது.

பக்கத்து வீட்டு ஏப் ஃப்ரீசன் வேலியோரம் வந்து நின்றான். வாழ்நாள் பூராவும் அறுவடை இயந்திரம் பழுது பார்த்தவன். சூரியகாந்தி விதையை வாயின் ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் தோலைத் துப்பிக்கொண்டே பேசுவான்.

"சொட்டற இடத்தப் பாத்து ஏமாறாதே ஓரெஸ்ட். ஓடறப்ப காத்து ஆயில பின்னாடி தள்ளிடும். குத்தவாளி முன்னாடி இருப்பான், பழி பின்னாடி இருக்கறவன் மேல விழும்."

"குடும்பத்துலயும் அப்படித்தான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நல்லா கழுவித் துடை. துடைச்ச இடத்துல பவுடர் தூவு. ஊர ஒரு சுத்து சுத்திட்டு வந்து பாரு. எங்க பவுடர் செவக்குதோ அங்கதான் வாசல்."

ஓரெஸ்ட் கழுவினார். துடைத்தார். டார்க்காவின் முகப் பவுடரைக் கப்பலின் வயிற்றில் தாராளமாகப் பூசினார். கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது வண்டி. சாயங்காலம் டார்க்காவையும் ஏற்றிக்கொண்டு ஆற்றுப் பாலம்வரை போய்த் திரும்பினார். மூன்றாம் நாள் காலை கீழே படுத்து டார்ச் அடித்தால், வெள்ளைப் பவுடரில் மெல்லிய சிவப்புக் கோடு. நடுவில் இல்லை, பின்னால் இல்லை. முன்னாலிருந்து வருகிறது. கோட்டைப் பிடித்துக்கொண்டே போனார். கியர்பாக்ஸிலிருந்து ஆயிலை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்க் குளிர்விக்கிற ரப்பர் ஹோஸ். அதன் முனையை இறுக்கிப் பிடிக்கிற கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்து கிடந்தது. அதன் உதட்டில் ஒரு சொட்டு தயாராக நின்றது.

அவ்வளவுதான். ஒரு முழ ஹோஸ், இரண்டு கிளாம்ப். அரை மணி வேலை.

ஓரெஸ்ட் அந்தச் சொட்டைப் பார்த்தபடியே படுத்திருந்தார். வெளியே பாப்லர் மரங்கள் பஞ்சு உதிர்க்கும் பருவம். வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு காற்றில் மிதந்து வந்து, அவசரமே இல்லாமல், அவர் மார்பில் உட்கார்ந்தது. அரை மணி வேலை. அதை முடித்தால் நாளைக்குப் புறப்பட வேண்டும். ஐந்து நாளில் கடல் முன்னால் நிற்க வேண்டும். அப்புறம்?

அப்புறம் என்ன என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

அட்டைக்கு அருகே இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"கிடைச்சுதா?" என்றார் டார்க்கா.

சொட்டு விழுந்தது.

"இன்னும் இல்ல," என்றார் ஓரெஸ்ட்.

அதற்கப்புறம் நாட்கள் எப்படிப் போயின என்று அவருக்கே தெரியாது. சாயங்காலம் சோதனைக்கென்று பாலம்வரை ஒரு சுற்று. மற்றபடி காலையில் சாப்பிட்டதும் ஓவர்ஆலை மாட்டிக்கொண்டு கப்பலுக்கு அடியில் நுழைவார். அங்கே வேறு உலகம். மேலே இரும்பு ஆகாயம். அதில் நட்டுகள் நட்சத்திரங்கள். குழாய்கள் ஆறுகள், ஒன்று வளைந்து இன்னொன்றுக்குள் புகுந்து மறையும். தூரத்தில் தானிய ரயில் போகும் சத்தம் தரை வழியாக முதுகில் ஏறும். நூறு பெட்டி. எண்ணத் தொடங்குவார். நாற்பதுக்குமேல் எண்ணிக்கை அலைகளாகிவிடும். அலைமேல் கப்பல். கப்பலில் கேப்டன் மெல்னிக். திமிங்கிலம் ஒன்று தலையைத் தூக்கி, "சாப்பிட வரலையா? சூப் ஆறுது" என்று டார்க்காவின் குரலில் கேட்கும்.

"இன்னிக்கு என்ன கண்டுபிடிச்சே?" பீட்ரூட் சூப்பில் புளித்த கிரீமைப் போட்டபடி டார்க்கா கேட்பார்.

"இன்னிக்கு அடித்தட்டு கேஸ்கெட்டச் சந்தேகப்பட்டேன்."

"நேத்து?"

"நேத்து பின் சீல்."

"நாளைக்கு?"

"ஸ்டியரிங்குக்கும் இதே செவப்பு ஆயில்தான். அது நடுவுல புகுந்து நம்மளக் குழப்பலாம். அதையும் விசாரிக்கணும்."

"போலீஸ்ல இருந்திருந்தா ஊரையே உள்ள தள்ளியிருப்பே." டார்க்கா கரண்டியை வைத்தார். "எனக்கு ஒண்ணு சொல்லு ஓரெஸ்ட். கீழ நடக்கறது ஆய்வா, ஓய்வா?"

"ஆய்வு! ஆழமான ஆய்வு!"

"ஆழம்னா குறட்டைவிடற ஆழமா?"

"அது குறட்டை இல்ல. கஷ்டப்பட்டு மூச்சு விடறேன். எடம் குறுகல்."

டார்க்கா அதற்குமேல் கேட்கவில்லை. சண்டை போடவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் ஒரு குட்டை ஸ்டூலைக் கொண்டுவந்து காருக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, பட்டாணி உரிக்கத் தொடங்கினார்.

"நீ செய்யறது என்னன்னு எனக்கும் கொஞ்சம் சொல்லேன். நானும் தெரிஞ்சுக்கறேன்."

முப்பத்தைந்து வருடத்தில் டார்க்கா அவரிடம் பாடம் கேட்டது இதுவே முதல் தடவை. ஓரெஸ்ட் பூரித்துப்போனார். கீழே படுத்தபடியே பிரசங்கம் செய்தார். இது கேஸ்கெட், இது சீல். ஆயில் அளவைப் பார்க்கணும்னா என்ஜின் சூடா ஓடிட்டிருக்கணும், அப்பத்தான் அளவுக் குச்சி உண்மை பேசும்.

"முன்னாடி ஏதோ ரப்பர்க் குழாய் போகுதே, அது?"

"அது ஆயில குளிரவைக்கப் போறது. அது ஒண்ணுமில்ல. விடு."

"ஒண்ணுமில்லையா?"

"ஒண்ணுமேயில்ல. ரெண்டு கிளாம்ப்தானே. பச்சப்புள்ள மாத்தும்."

"சரி," என்றார் டார்க்கா. பட்டாணி ஒன்று கிண்ணத்தில் விழுந்தது.

பத்தாம் நாள் காலை ஓரெஸ்ட் அட்டையைப் பார்த்தார். பழைய கறைகள் இருந்தன. புதுச் சொட்டு இல்லை.

பதினொன்றாம் நாளும் இல்லை.

அவருக்கு வியர்த்தது. அவசரமாக ஹோஸைப் பார்த்தார். அழுக்கும் எண்ணெயும் அப்பி, எப்போதும்போல் பரிதாபமாகத்தான் இருந்தது. அழுக்கே அடைத்துக்கொண்டுவிட்டதா? தானாகவே ஆறிவிட்டதா? முப்பத்தொரு வருடம் கூடவே இருந்த வண்டி, தேவைப்பட்ட நேரத்தில் இப்படிக் குணமாகிப் போய்த் துரோகம் செய்யுமென்று அவர் நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் குளியலறை அலமாரியில் இருந்த டார்க்காவின் காது மருந்து ட்ராப்பர் ஓரெஸ்டின் பையில் ஏறியது. ஷெட்டில் சிவப்பு ஆயில் டப்பா இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அட்டையில் சொட்டு வைத்தார். ஒன்று. இரண்டு. மூன்றாவது கொஞ்சம் பெரிசாக, நம்பும்படியாக.

சாயங்காலம் டார்க்கா வந்து பார்த்தார்.

"அட, இன்னும் ஒழுகுதே!"

"அதானே!" என்றார் ஓரெஸ்ட். "பிடிவாதம்."

"எவ்வளவு அழகா உருண்டையா விழுந்திருக்கு, பாரு. அளவெடுத்த மாதிரி."

"கியர்பாக்ஸ்ல... அழுத்தம் சீரா இருந்தா அப்படி விழும்."

தினமும் மூன்று சொட்டு. சில நாள் ஆர்வம் மிகுந்து ஐந்து. ட்ராப்பரைத் துடைத்து மறுபடி அலமாரியில் வைத்துவிடுவார். ஒழுக்கமான மனிதர் அல்லவா.

"ஓரெஸ்ட்," என்றார் டார்க்கா ஒருநாள், "என் காது மருந்து இப்பல்லாம் ஒரு மாதிரி இனிப்பா வாசனை அடிக்குது."

"காலாவதி ஆயிருக்கும்."

"ஆனா காது நல்லா கேக்குது. முன்னவிட வழுக்கிட்டுக் கேக்குது." கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "ஆமா, தினம் இத்தனை சொட்டு ஒழுகினா, குச்சியில அளவு குறையணும் இல்லையா?"

"குறையும்... மெதுவா."

"குறையவே இல்லேன்னா?"

ஓரெஸ்ட் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கடுகு வயல் தொடுவானம்வரை மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது.

"அது பழைய வண்டிகளோட பெருந்தன்மை," என்றார்.

இருபதாம் நாள் டார்க்கா தடபுடலாகச் சமைத்தார். முட்டைக்கோஸ் இலையில் சோறும் இறைச்சியும் சுருட்டி வேகவைத்தது ஒன்பது. உருளைக்கிழங்கு அடைத்த பெரோகிக் கொழுக்கட்டை ஒரு தட்டு, மேலே பொரித்த வெங்காயம். கடைசியில் கசகசா ரொட்டி, இரண்டு துண்டு.

"இன்னும் ஒண்ணு வெச்சுக்கோ. இன்னிக்கு உனக்கு முக்கியமான வேலை இருக்கு."

"என்ன வேலை?"

"ஏப் சொன்னான். கண்ணால பாத்தது போதுமாம். இனிமே காதால கேக்கணுமாம். ஒருத்தர் வண்டிய ஸ்டார்ட் பண்ணணும். ஒருத்தர் பின்னாடி படுத்துக்கிட்டு தரையில காத வெச்சுக் கேக்கணும். கியர்பாக்ஸ் முனகுதா, பாடுதான்னு."

ஓரெஸ்டுக்கு அது உன்னதமான யோசனையாகத் தோன்றியது. சாக்கு இன்னொரு வாரத்துக்குத் தாங்கும். வெளியே வந்து பார்த்தால் டார்க்கா சாய்விலிருந்து வண்டியை இறக்கியே வைத்திருந்தார். பின் ஸீட்டை மடக்கி, மெத்தென்று ரஜாய் விரித்து, தலையணையும் போட்டிருந்தார்.

"தலையணை எதுக்கு?"

"ஒரு காதுதானே கேக்கணும். இன்னொரு காது சும்மா இருக்குமே, அதுக்கு."

ஓரெஸ்ட் படுத்தார். காதைத் தரையில் வைத்தார். என்ஜின் மெல்ல உறுமியது. கீழே கியர்பாக்ஸ் முனகவில்லை, தாலாட்டியது. ஒன்பது முட்டைக்கோஸ் சுருளும் அவர் வயிற்றில் சேர்ந்து ஆமாம் போட்டன.

"என்ன கேக்குது?" என்று எங்கிருந்தோ டார்க்காவின் குரல்.

"கடல்..." என்றார் ஓரெஸ்ட்.

கப்பல் புறப்பட்டது. இந்த முறை அலைகள் அற்புதமாக இருந்தன. தூக்கின, இறக்கின, அவரைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுத்தன. கடற்பறவைகள் மஞ்சளாக இருந்தன. திமிங்கிலம் ஒன்று பக்கத்தில் வந்து நீளமாக ஹாரன் அடித்தது.

ஹாரனா?

ஓரெஸ்ட் கண்ணைத் திறந்தார். ஜன்னலில் ஆகாயம். ஆகாயம் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு மின்கம்பம் வந்தது, போனது. இன்னொன்று வந்தது, போனது. ஓர் உயரமான தானியக் கிடங்கு வந்தது. அதில் எழுதியிருந்த ஊர்ப் பெயரை அவர் வாழ்நாளில் நேரில் பார்த்ததில்லை.

"டார்க்கா!"

"முழிச்சிட்டியா?" ஸ்டியரிங்குக்கு மேலிருந்த கண்ணாடியில் தெரிந்த டார்க்கா கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். "ப்ளாஸ்க்ல காபி இருக்கு."

"எங்க போறோம்?"

"போயாச்சு. சஸ்காச்சுவான்குள்ள வந்து ஒரு மணி நேரமாச்சு."

"ஐயோ! ஒழுக்கு! கியர்பாக்ஸ்! ஆயில் இல்லாம எரிஞ்சுடும்! நிறுத்து, நிறுத்து!"

"அவசரப்படாதே. பெட்ரோல் போடற இடம் வரட்டும்."

அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டி நிற்குமுன் ஓரெஸ்ட் இறங்கிவிட்டார். வீட்டுச் செருப்போடு தரையில் படுத்து, முன்னால் கையை நீட்டித் தடவினார். விரலைப் பார்த்தார். மேலே படிந்திருந்த அழுக்கு காற்றில் பாதி உதிர்ந்து போயிருந்தது. உள்ளே பளபளவென்று புது ஹோஸ். இரண்டு புதுக் கிளாம்ப். எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தது.

அவர் படுத்தபடியே இருந்தார். அந்தச் செருப்புக் கால்கள் வந்து நின்றன.

"யாரு பண்ணினது?"

"நான்தான்."

"நீயா? உனக்கு எப்படி..."

"பால் தொழிற்சாலையில இருபத்தெட்டு வருஷம் எதோட மாரடிச்சேன்? குழாயோடதானே. கிளாம்ப் மாத்தறது எனக்கு ஜடை பின்னற மாதிரி. எந்தக் குழாய்னுதான் தெரியாம இருந்தது. நீ 'அது ஒண்ணுமேயில்ல'ன்னு அடிச்சு சொன்னப்பவே புரிஞ்சுபோச்சு."

"எப்ப மாத்தினே?"

"ஒன்பதாம் நாள். மத்தியானம்."

"மத்தியானம் நான் கீழதானே இருந்தேன்!"

"இருந்தே. உன் தலைக்கு ரெண்டு முழம் தள்ளித்தான் நானும் படுத்திருந்தேன். கீழ கிடந்த ஸ்பேனரக் கேட்டேன், நீ தூக்கத்துலயே எடுத்துக் குடுத்தே. பழைய அழுக்க வழிச்சுப் புதுசு மேல பூசறப்பக்கூட முழிக்கல. நல்ல உதவியாள்தான்."

"அப்ப... சொட்டு..."

"தினம் சாயந்திரம் பாலம்வரைக்கும் போயிட்டு வந்து நீ கை கழுவப் போவியே, நான் குச்சியப் பாத்துடுவேன். பதினோரு நாள், மயிரிழை குறையல. வண்டியும் ஒழுகல, ஆயிலும் குறையல, அட்டையில மட்டும் மழை. நானும் பாத்துக்கிட்டே இருந்தேன், எத்தனை நாளைக்குத்தான் என் காதுல கியர் ஆயில் ஊத்துவான்னு."

ஓரெஸ்ட் மெல்ல வெளியே வந்து தரையில் உட்கார்ந்தார். பெட்ரோல் பங்குக்கு அப்பால் நிலம் தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. சாயங்கால வெயில் அதன்மேல் தேனாகப் படிந்திருந்தது. டார்க்கா, முட்டியைப் பிடித்துக்கொண்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். இப்போது குரலில் கேலி இல்லை.

"ஏன்டா ஓரெஸ்ட்? போக வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. முப்பத்தஞ்சு வருஷத்துல நான் ஏதாவது சொன்னேனா?"

ஓரெஸ்ட் செருப்பில் ஒட்டிய கல்லைப் பிய்த்தார்.

"போக வேண்டாம்னு இல்ல. எனக்குள்ள ஒரு கடல் இருக்கு டார்க்கா. ரொம்பப் பெருசு. ரொம்ப அழகு. அங்க போய், அது சின்னதா இருந்துட்டா? அப்புறம் கண்ண மூடினா எனக்கு என்ன இருக்கும்?"

ஒரு லாரி வந்தது, நிரப்பிக்கொண்டு போனது.

"உன்கிட்டயாவது ஒண்ணு இருக்கு," என்றார் டார்க்கா. "நான் கண்ண மூடினா இருட்டுதான். பால் டேங்குதான். சின்னதோ பெருசோ, எனக்கு ஒண்ணு வேணும். உன்னுத நீ பத்திரமா வெச்சுக்கோ. அங்க போனதும் கண்ண இறுக்கி மூடிக்கோ. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்."

டார்க்கா தன்னோடு ஒரே வீட்டில் இத்தனை வருடம் கடலில்லாமல் இருந்திருக்கிறார் என்பது ஓரெஸ்டுக்கு அன்றுதான் உறைத்தது. தன்னுடையதிலிருந்து ஒரு வாளிகூட அவர் கொடுத்ததில்லை. மத்தியானத்தில் ஜன்னல் பக்கம் கூப்பிட்டு, இதோ பார் என்று ஒரு தடவை சொன்னதில்லை.

எழுந்தார். ஓவர்ஆலைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சாவியக் குடு. நான் ஓட்டறேன்."

டார்க்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாவியைக் கொடுத்தார். பின்னால் ஏறி, ரஜாயில் நீட்டிப் படுத்து, போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டார். நாலு மணி நேரம் ஓட்டியவர்.

ஓரெஸ்ட் ஸீட்டைப் பின்னால் தள்ளினார். கண்ணாடியைச் சரிசெய்தார். கேப்டன் மெல்னிக். வண்டியை மெல்ல நகர்த்தி நெடுஞ்சாலை விளிம்பில் நிறுத்தினார். இடது பக்கம் மேற்கு: மலை, கரடி, கடல். வலது பக்கம் வீடு. சாலையில் இரண்டு பக்கமும் ஒரு வண்டியும் இல்லை. பழைய ஜிலுஜிலுப்பு நெஞ்சின் மூலையில் லேசாக எட்டிப் பார்த்தது.

"டார்க்கா," என்றார், விளையாட்டுப்போல. "நீ தூங்கினப்புறம் நான் பாட்டுக்கு வலது பக்கம் திருப்பிட்டேன்னு வெச்சுக்கோ. என்ன பண்ணுவே?"

"தாராளமா திருப்பு," என்றது போர்வை. "ஏப் வீட்டுல இனி ஒரு மாசம் பூரா குடும்பக் கூட்டம். தங்க எடமில்லன்னான், நம்ம வீட்டுச் சாவியக் குடுத்துட்டேன். பதினாலு பேரு. உன் கட்டில்ல மட்டும் மூணு பேரு. போன் பண்ணி, நாலாவதா ஓரத்துல எடமிருக்குமான்னு கேட்டுச் சொல்லட்டுமா?"